காக்கா விரட்டிய பிளேட்

வாலாஜாபாத் எல்லையில் பஸ் திரும்பும்போது, அரிசி மில் களத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லின் மேலிருந்து இருநூறு காக்காய் ஒரே மூச்சில் எழும்பியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் காக்காயைப் பார்த்தார்கள். காசிநாதன் மட்டும் பார்க்கவில்லை. அவர் காது விறைத்துக்கொண்டு நின்றது.

மில் கூரையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பூனை வாலை மிதித்து, அது போடும் கத்தலை ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்து, பின்னால் ஒருவன் டிரம் அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி.

"நிறுத்துப்பா! நிறுத்து!"

"இங்க ஸ்டாப்பிங் இல்ல பெரியவரே," என்றார் கண்டக்டர்.

"நாப்பத்தோரு வயசு ஆளைப் போய் பெரியவரேன்றியே, நல்லா இருக்குதா? நிறுத்துப்பா, என் பொழப்பே அங்க கத்திக்கினு இருக்குது!"

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடுவார் போல் இருந்ததால் விசில் அடித்தார். காசிநாதன் ரிப்பேர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு களத்தைப் பார்த்து ஓடினார். அது அவருடைய சத்தம். ஆறு வருஷமாக ஊரில் ஒருவரும் நம்பாத சத்தம். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், வீட்டில் தேவகியும் நம்பவில்லையே, அதுதான் விஷயம்.

காசிநாதனுக்குக் காஞ்சிபுரம் சாலைத் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை. உள்ளே இரண்டு பேர் போனால் மூன்றாவது ஆள் வெளியில் நின்றுதான் பேச வேண்டும். படிப்பு எட்டாவது. அதிலும் பாஸா ஃபெயிலா என்று அவர் போய்ப் பார்க்கவில்லை. ரிசல்ட் ஒட்டிய நாளன்று ஒரு வால்வு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வால்வு ரேடியோ இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் முள்ளை மெல்ல நகர்த்தினால் இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டு கத்தும். எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதிதான். காதைப் பொத்திக்கொண்டு அணைத்துவிடுவார்கள். காசிநாதன் அணைக்கவில்லை. கையைக் கிட்டே கொண்டுபோனால் கத்தல் ஏறுகிறது, தள்ளினால் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். இரண்டு ரேடியோவின் குடலையும் எடுத்து ஒரு பலாப்பலகைப் பெட்டிக்குள் வைத்தார். மேலே ஒரு செம்புக் கம்பி. கம்பியைத் தொட வேண்டாம், அதைச் சுற்றியிருக்கும் காற்றைத் தடவினால் போதும், பெட்டி பாடும். பாடும் என்று அவர் சொன்னார். தெரு அதற்கு ஊளைப்பெட்டி என்று பெயர் வைத்தது. தெரு நாய்களும் தெருவின் கட்சிதான்.

அறுபத்தொன்பதில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு மெட்ராசிலிருந்து நாலு பையன்கள் கிடாரும் டிரம்மும் வாசிக்க வந்தார்கள். கல்யாணப் பெண்ணைவிட அவர்களுக்குத்தான் முடி நீளம். இரண்டாவது பாட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. காசிநாதன் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களில் தலைவன் மாதிரி இருந்தவன் பெயர் வரதராஜன். பெருமாள் பெயரை வைத்துக்கொண்டு மஞ்சள் கண்ணாடி போட்டிருந்தான். ஆம்ப்ளிஃபயர் சரியானதைக்கூட அவன் கவனிக்கவில்லை. மூலையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது இன்னாண்ணே?"

காசிநாதன் கையை ஆட்டிக் காட்டினார். பையன்கள் நாலு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்துபோனவர்களைத்தான் அதுவரை அவர் பார்த்திருந்தார்.

"நாங்க ஒரு ரெக்கார்டு பிளேட்டு போடறோம்ணே. ரெண்டே ரெண்டு நாள் மெட்ராசுக்கு வாங்க."

இரண்டு நாள் பதினோரு நாள் ஆயிற்று. ஸ்டுடியோ கிடைக்கிற நேரத்தில்தான் வாசிக்க முடியும். மற்ற நேரத்தில் வராந்தாவில் கிடக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கார்டு எழுதி, தபாலில் போடச் சொல்லி வரதராஜனிடம் கொடுத்தார். அவன் அதைக் கிடார் பெட்டிக்குள் வைத்தான். இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

ஒன்பதாவது நாள் காஞ்சிபுரம் குமரகோட்டம் கோவிலில் அவர் மகள் வள்ளிக்குக் காதுகுத்து. தேதி அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். அன்றைக்குத்தான் கடைசிப் பாட்டைத் தொடங்குகிறோம், நீங்கள் இல்லாமல் முடியாது என்று வரதராஜன் வந்து கையைப் பிடித்தான். காசிநாதன் திரும்பிப் போனார். அந்த ஒரு திரும்பலுக்கு அவர் எந்தச் சாக்கும் சொன்னதில்லை. கோவிலில் தாய்மாமன் மடி இருந்தது, காது குத்தத் தட்டார் வந்தார், குழந்தையும் ஊரைக் கூட்டியது. அப்பா மட்டும் இல்லை.

திரும்பி வந்தவரைப் பார்த்துத் தேவகி கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். அவள் ராட்டையிடம் பேச ஆரம்பித்தாள்.

தேவகிக்குத் தார் சுற்றுகிற வேலை. தறியில் குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலை ராட்டையில் வைத்து, சின்னச் சின்னத் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுப்பாள். அந்த ராட்டைச் சக்கரத்தில் ஒரு ஆரக்கால் பிளந்துபோய், காசிநாதன்தான் செம்புக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அதனால் அது நேராக ஓடாது, நொண்டும். கீய்ங், கீய்ங், கீய்ங் என்று மூன்று நீளம். அப்புறம் டொக் என்று ஒரு குட்டை. தெரு முனையிலேயே கேட்கும்.

மற்ற விஷயமெல்லாம் அவரிடமே பேசுவாள். அரிசி தீர்ந்தது, வள்ளிக்குச் சளி, கூரையில் ஒழுகல், எல்லாம் நேராக வரும். மெட்ராஸ் பேச்சு வந்தால் மட்டும் முகம் ராட்டைப் பக்கம் திரும்பிவிடும்.

"கேட்டியா, மெட்ராசுல பிளேட்டு போட்டாராம். அந்தப் பிளேட்டுல சோறு போட்டுத் துன்னலாமான்னு கேளு."

ராட்டை கீய்ங் என்று சொல்லும்.

"நான் சொல்லல? அதுக்கே சிரிப்பு வருது பாரு."

அவள் மனசில் ஓடிய கதை வேறு. மெட்ராசில் இன்னொரு வீடு, அந்த வீட்டில் இன்னொருத்தி. தேவகி அதை ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ராட்டையிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் காசிநாதனுக்குத் தெரியும். அந்த பிளேட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தால்தான் அந்தக் கதை சாகும்.

வைப்பதற்கு பிளேட் வேண்டுமே! எழுபதில் வெளியானது என்று கேள்விப்பட்டு மெட்ராஸ் மூர் மார்க்கெட் போய்க் கேட்டார். "அந்த ஊளையா? வந்த வேகத்துல போச்சு நைனா. விக்காத பிளேட்டை எல்லாம் உருக்கிட்டாங்களாம்," என்றார் கடைக்காரர். பையன்கள் ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் எந்த ஊருக்கு ரிப்பேருக்குப் போனாலும், அங்கே ரெக்கார்டுக் கட்டு இருந்தால் ஒரு தடவை புரட்டிவிட்டுத்தான் காசிநாதன் எழுந்திருப்பார். ஐந்து வருஷமாகப் புரட்டியிருக்கிறார்.

இப்போது, எழுபத்தைந்தாம் வருஷம் மாசி மாதம், பட்டப்பகலில், அது தானாகக் கத்திக்கொண்டிருக்கிறது!

"யோவ்! களத்துல செருப்போட நிக்கிறியே, நெல்லுன்னு தெரியல?"

மில் மேஸ்திரி ராமலிங்கம்தான். காசிநாதன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தப்புதாங்க. அந்த பிளேட்டு..."

"அது காக்கா பிளேட்டு."

"காக்கா பிளேட்டா?"

"ஆமாம்பா. ஒரு சவுண்டு சர்வீஸ்காரன் கடையை மூடிட்டு ஒரு கட்டு பிளேட்டு குடுத்துட்டுப் போனான். முன்ன சாமி பாட்டு போட்டுக்கினு இருந்தோம். காக்கா குடும்பத்தோட வந்து உக்காந்து, பாட்டையும் கேட்டுக்கினு நெல்லையும் துன்னுச்சு. இத்த போட்டோம் பாரு, ஒரு குருவி வரணுமே! ரெண்டு வருசமா நெல்லு தப்பிச்சுது."

"இதுல ஊளை உடறது நான்தாங்க."

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். அவர்களில் மூத்தவளான கங்கையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாயாலயா?"

"பொட்டியால."

களம் முழுக்கச் சிரித்தது. காசிநாதன் சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றார். அப்புறம் கேட்டார், "அந்த பிளேட்டை எனக்குக் குடுங்க."

"நெல்லை யாரு காப்பாத்தறது, உங்க தாத்தாவா?"

"பிளேட்டு தேஞ்சு போவும். இன்னும் ஒரு வருசம் தாங்காது. நான் நெசமான பொட்டியே செஞ்சு தரேன். சுவிட்ச் போட்டா கத்தும், அணைச்சா நிக்கும். பிளேட்டும் வேணாம், ஊசியும் வேணாம்."

ராமலிங்கம் மூக்கைச் சொறிந்தார். "காக்கா ஓடணும். ஓடலைன்னா பிளேட்டு இல்ல."

எட்டாம் நாள் காசிநாதன் புதுப் பெட்டியோடு வந்தார். மூன்று செத்த ரேடியோவிலிருந்து ஒரு உயிருள்ள ஊளை. சுவிட்சைப் போட்டதும் காக்காய்கள் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மில் நாயும் கூடவே போனது. அது இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பியதாம்.

ராமலிங்கம் பிளேட்டை ஒரு சாக்குத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். காசிநாதன் களத்திலேயே பிரித்துப் பார்த்தார். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் தவிடும் எண்ணெயும் குடித்து, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாமல் கருத்துக் கிடந்தது.

"ஒறை எங்கங்க? மேல போடற அட்டை ஒறை? வாசிச்சவங்க பேரெல்லாம் அதுலதான் போடுவாங்க."

"அத்தயா? உங்க ஊரு ஆளு ஒருத்தர், சம்பந்தம்னு, அட்டை இருக்குதா அட்டை இருக்குதான்னு கேட்டுக்கினு வந்தாரு. நல்ல கெட்டி அட்டையா இருந்துச்சா, எடுத்துக்கினு பூட்டாரு."

காசிநாதனுக்கு அந்த வெயிலிலும் சில்லென்றது. காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் அட்டை தேடுகிறார் என்றால் எதற்கு என்று கேட்கவே வேண்டாம். தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட நீள அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மாலை மாதிரி சுற்றிவரும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி நுழைந்து இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. சேலைக் கரையில் மயிலும் யானையும் வருவது இப்படித்தான். கொஞ்ச வருஷமாகக் காகிதப் பஞ்சம். கிழிந்த அட்டைக்கு மாற்று கிடைக்காமல், காலண்டர் முதுகு, செருப்புப் பெட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் பெயர் ஏதோ ஒரு தறியின் மேல் மயில் நெய்துகொண்டிருக்கிறது.

பிளேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். காசிநாதன் செய்யவில்லை. பெயர் இல்லாத பிளேட்டைப் போட்டால் தேவகி என்ன சொல்லுவாள் என்று அவருக்கு மனப்பாடம். 'கேட்டியா, வாலாஜாபாத்துல காக்கா ஓட்டற பிளேட்டு கொண்டாந்து, நான்தான் வாசிச்சேன்றாரு.' வேண்டாம். பெயரோடு வைத்தால்தான் வாய் அடையும். பிளேட்டைக் கடையில், தூக்கவே முடியாத ஒரு பழைய ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

அந்தச் சம்பந்தத்தின் வீடு பிள்ளையார்பாளையத்தில். அட்டை அடிப்பதுதான் அவர் தொழில். கட்டம் போட்ட தாளில் இருக்கிற டிசைனைப் பார்த்துப் பார்த்து, உளியும் சுத்தியுமாக ஓட்டை போடுவார். கேள்வியைக் கேட்டதும் அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"ஆரஞ்சு கலரு, ஊதா கலரு, நடுவுல பெருசா ஒரு கண்ணு. பாத்தா தலை சுத்தும். அதானே? அருமையான அட்டைபா! முன்னால அஞ்சு, பின்னால அஞ்சு, பத்து துண்டு தேறிச்சு. அது நம்ம ஆதிகேசவன் தறியில ஓடுது."

"அதுல என் பேரு இருந்துச்சா?"

"நான் கட்டத்தைப் பாப்பனா, பேரைப் பாப்பனா?"

ஆதிகேசவன் இரண்டு தெரு தள்ளி. தறியில் அவரும், எதிர்க் கரைக்கு நாடா என்கிற நூல்கட்டையைத் தள்ள அவர் மனைவி அங்கம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். காசிநாதன் உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் மேலே பார்த்தார். பழுப்பு அட்டை, பழுப்பு அட்டை, பழுப்பு அட்டை. திடீரென்று ஆரஞ்சில் ஒரு துண்டு எழும்பியது. அதில் பாதிக் கண், கண்ணுக்குள் மெழுகு மாதிரி உருகி ஒழுகும் ஒரு கோபுரம். கட்டக்கென்று திரும்பி உள்ளே போய்விட்டது. கீழே கரையில் ஒரு மயிலுக்குக் கொண்டை முளைத்தது.

"வூட்டுக்குள்ள வந்து மோட்டுவளையப் பாக்கறாரு பாரு," என்றாள் அங்கம்மாள்.

காசிநாதன் விஷயத்தைச் சொன்னார். ஆதிகேசவன் கை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முகூர்த்தச் சேலைபா. நடுவுல அட்டையில கை வைக்கமாட்டேன். கல்யாணப் பொண்ணு வூட்ல கேட்டாங்கன்னா? அறுப்பு அன்னிக்கு வா. கற்பூரம் காட்டி சேலைய அறுத்தப்புறம் பத்தையும் கழட்டிக்கோ. ஆனா எனக்கு மாத்து அட்டை பத்து, ஒரு ஓட்டை பிசகாம வேணும். இல்லாட்டி மயிலுக்கு மூக்கு இருக்காது."

"எத்தினி நாளு?"

"பதினேழு."

காசிநாதன் பதினேழு நாளும் வந்தார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு வருவார். ஒரு ஸ்டூலில் ஏறி நின்றுகொள்வார். நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் அட்டை மாலை ஒரு சுற்று முடியும். ஒரு சுற்றில் ஐந்து தடவை ஆரஞ்சும் ஊதாவும் வரும். அது முன்பக்கம். எழுத்து இருக்கிற பின்பக்கத் துண்டுகளைச் சம்பந்தம் எழுத்து உள்ளே போகும்படி கோத்துவிட்டார். வெளியே தெரிவது வெறும் முதுகு. ஊசிகளுக்கு மட்டும்தான் அவர் பெயர் தெரியும். ஊசி படிக்காது.

"ஏன்ணே, அந்தப் பேரு இல்லாட்டி இன்னா கொறைஞ்சு போவுது?" என்று ஒரு நாள் அங்கம்மாள் கேட்டாள்.

காசிநாதன் ஸ்டூலில் நின்றபடியே யோசித்தார். "வூட்ல ஒருத்தி என்னைப் பாக்காம ராட்டையப் பாத்துப் பேசறாமா. ஆறு வருசமா."

அதற்குப் பிறகு அங்கம்மாள் கிண்டல் செய்யவில்லை. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் மோர் மட்டும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்தது.

மாற்று அட்டைக்கு ரேடியோ வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டினார். அறுப்பு அன்று சேலையை அறுத்து, கற்பூரம் காட்டி, ஆதிகேசவன் கும்பிட்டு முடிப்பதற்குள் சம்பந்தமும் உளியோடு வந்துவிட்டார். பத்து அட்டையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, புது அட்டைமேல் வைத்து, அதே இடத்தில் ஓட்டை போட்டு, கோத்துக் கொடுத்தார்கள். கழற்றியதையெல்லாம் காசிநாதன் தரையில் வரிசையாக அடுக்கினார். பின்பக்கம் நாலாவது துண்டு. மேலே வரதராஜன் பெயர், அதற்குக் கீழே மற்ற மூன்று பேர். யார் கிடார், யார் டிரம் என்று பல் வரிசை மாதிரி அழகாக அச்சாகியிருந்தது. வால்வு நம்பரும் சர்வீஸ் புத்தகமும் படித்துப் படித்து இங்கிலீஷ் எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். விரலை வைத்து ஐந்தாவது வரிக்கு வந்தார்.

ஐந்தாவது வரி இருந்த இடத்தில் ஆறு ஓட்டை இருந்தது. ஓட்டைகளுக்கு முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு எழுத்து. மிச்சமெல்லாம் வெளிச்சம்.

காசிநாதன் ஓட்டை ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"ஓட்டையிலேர்ந்து உழுந்த பொட்டு எங்கங்க?"

"எந்தப் பொட்டு?"

"ஓட்டை போடறப்ப வட்டமா பொட்டு உழுமே. ஆறு பொட்டு. அத்த வெச்சு ஒட்டிடலாம்."

"அட இன்னாபா நீ! அது ரெண்டு வருசத்துக்கு முந்தி. கூட்டி வாரி போகிக்குக் கொளுத்தினேன்." சம்பந்தம் உளியைக் கீழே வைத்தார். அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மயிலோட கண்ணுபா அது. அங்க ஓட்டை போடாட்டி மயிலுக்குக் கண்ணு வராது."

காசிநாதன் பத்துத் துண்டையும் அடுக்கி, நூலால் கட்டி, கடைக்குப் போய் பிளேட்டையும் ரெக்கார்டு பிளேயரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பெயர் இல்லை, ஆனால் பெயர் இருந்த இடம் இருக்கிறதே? அதைக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டார். நம்பினால் நம்பட்டும். இந்த மனுஷனுக்குத் திரும்பிப் போகத் தெரியாது. ஒரே ஒரு தடவைதான் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போனார், அதற்கே ஆறு வருஷம் ஆகிவிட்டது.

தெரு முனையிலேயே கேட்டது. கீய்ங், கீய்ங், கீய்ங், டொக்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த வள்ளி துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு தரையில் பரப்பினாள். ஏழு வயசுக்கு அவள் கை வேகம். இரண்டு நிமிஷத்தில் ஆரஞ்சுக் கண் முழுசாகத் தரையில் திறந்துகொண்டது, உடம்பெல்லாம் ஓட்டையோடு.

"அம்மா, கண்ணுமா! அம்மை போட்ட கண்ணு!"

தேவகி ராட்டையை நிறுத்தவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இன்னாவாம் அது? கேளு."

"பிளேட்டோட ஒறை," என்றார் காசிநாதன். "பின்னால என் பேரு இருக்குது. இருந்துச்சு. இதோ, இந்த எடத்துல."

தேவகி எட்டிப் பார்த்தாள். அவர் விரல் வைத்திருந்த இடத்தில் ஓட்டை வழியாகச் சாணித் தரை தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், ராட்டையின் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தியா, ஓட்டையக் காட்டி பேருன்றாரு. எனக்கு இங்கிலீசே தெரியாதுன்னு சொல்லு. ஓட்டை இல்லாம இருந்தாலும் எனக்கு ஓட்டை மாதிரிதான்."

காசிநாதன் அட்டையிலிருந்து விரலை எடுத்தார். ஒரு மாதம். எட்டு நாள் பெட்டி செய்து, பதினேழு நாள் ஸ்டூலில் நின்று, ஒரு மாதமாக அலைந்தது இங்கிலீஷ் எழுத்துக்கு. தேவகிக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவருக்குக் கல்யாணத்தன்றே தெரியும். அவள் கையெழுத்துப் போடும்போது அவர்தான் பக்கத்தில் நின்றார். இது ஏன் தோன்றவில்லை?

"பிளேட்டைப் போடுப்பா," என்றாள் வள்ளி.

வேறு வழி இல்லை. ஊசியை வைத்தார். முதலில் ஒரே கரகரப்பு, இரண்டு வருஷத் தவிடு. அப்புறம் கிடார் வந்தது, வளைந்து வளைந்து, தண்ணீருக்கு அடியில் வாசிக்கிற மாதிரி. டிரம் வந்தது. தேவகி சுற்றிக்கொண்டே இருந்தாள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. தேவகி ஒரு தார்க்குச்சியை எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகினாள். காசிநாதன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாட்டில் கிடார் அடங்கியது. மெதுவாக, எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி, பெட்டி எழும்பியது. நீளமாக ஒன்று, நீளமாக ஒன்று, நீளமாக ஒன்று. அப்புறம் டொக் என்று ஒரு குட்டை. டிரம் அடித்தவன் தன் தாளத்தை விட்டுவிட்டு, அந்த நொண்டலுக்கு ஏற்ற மாதிரி நொண்டிக்கொண்டு கூடவே வந்தான்.

தேவகியின் கை நின்றது. ராட்டை நின்றது. கீய்ங் நிற்கவில்லை.

அவள் ராட்டையைப் பார்த்தாள். சக்கரத்தை ஒரு விரலால் தொட்டும் பார்த்தாள். அசையவில்லை.

"நீ சுத்தலியேமா," என்றாள் வள்ளி. "எப்டிமா சத்தம் வருது?"

தேவகி சக்கரத்திலிருந்து விரலை எடுத்தாள். பாட்டு முடியும் வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் முகம் திரும்பியது. ராட்டைப் பக்கம் இல்லை, அவர் பக்கம்.

"இது நம்மளுதுயா."

"ஆமா."

"இது எப்டி அங்க போச்சு?"

காசிநாதன் பிளேட்டிலிருந்து ஊசியைத் தூக்கினார். "மொத நாலு நாளு ஒண்ணும் சரியா வரலமா. அந்தப் பசங்க கண்ண மூடிக்கினு வாசிக்கறானுங்க. நீயும் மூடிக்கோண்ணேன்றானுங்க. மூடினா எனக்கு வேற ஒண்ணும் வரல. இதான் வந்துச்சு. சரின்னு இத்தயே புடிச்சுக்கினேன்."

"இத்த ஏன்யா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேனே. பிளேட்டு போட்டேன்னு."

"பிளேட்டுன்னு சொன்னே. ராட்டைன்னு சொன்னியா?"

காசிநாதன் யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது என்பதை இப்போதும் சொல்லவில்லை.

தேவகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று வள்ளி நினைத்துக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும்.

"காதுகுத்துக்கு வராதது அப்டியேதான் இருக்குது," என்றாள். "அதுல ஒண்ணும் கொறையல."

"சரி."

"சரின்னா சரியாப் போச்சா? இன்னொரு வாட்டி போடு."

போட்டார். இந்தத் தடவை தேவகி பெட்டியோடு சேர்த்து ராட்டையைச் சுற்றினாள். இரண்டும் ஒன்றாக ஓடின, ஒன்றாக நொண்டின. பாதியில் சட்டென்று நிறுத்தினாள்.

"இங்க தப்பு."

"இன்னா தப்பு?"

"இங்க எழை அறுந்துடுச்சு. அறுந்த மாதிரியே ஊளை உட்டிருக்கே, அது சரிதான். ஆனா அறுந்தா நான் கைய எடுப்பேன், முடிச்சு போடுவேன், அப்புறம்தான் சுத்துவேன். நீ பாட்டுக்குப் போய்க்கினே இருக்கியே! இப்டி சுத்தினா பட்டு பூரா சிக்கு."

"ரெக்கார்டுல எப்டிமா நிறுத்தறது? மத்தவனுங்க வாசிச்சுக்கினு இருக்கானுங்க."

"வாசிக்கட்டும். அறுந்தா நிக்கணும்." அவள் ஊசியைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். "பொட்டி இருக்குதா, அத்தயும் மில்லுக்கே குடுத்துட்டியா?"

"மில்லுக்குக் குடுத்தது புதுசு. நம்ம பொட்டி கடையில இருக்குது."

"போய் எடுத்துக்கினு வா. நான் சுத்தறேன், கேட்டு ஒழுங்கா வாசி."

காசிநாதன் எழுந்தார். செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் ராட்டை கிளம்பியது. மூன்று நீளம், ஒரு குட்டை. வழக்கமான வேகம் இல்லை, கொஞ்சம் நிதானம். நடுவில் ஒரு தரம் நின்றது, முடிச்சுப் போடுகிற நேரம் நின்றது, திரும்பவும் ஓடியது. அவர் காதில் அது நன்றாக ஏற வேண்டும் என்றுதான், தெரு முனை தாண்டுகிற வரைக்கும் தேவகி அப்படியே சுற்றிக்கொண்டிருந்தாள்.